அடிபட்டது தலையில்! வலி கிளம்புவது கழுத்தில்!

மோட்டார் சைக்கிளில் இருந்து ஒருவர் கீழே விழுகிறார். தலையில் அடி. ஆஸ்பத்திரியில் "ஸ்கேன்" எடுக்கிறார்கள். "எலும்பு முறிவு இல்லை, மூளையில் ரத்தக் கசிவும் இல்லை" என்கிறார், டாக்டர். குடும்பத்தினர் நிம்மதியாக வீடு திரும்புகிறார்கள்.

ஒரு மாதம் ஆகிறது. தலைவலி மட்டும் போகவில்லை. பிடரியில் தொடங்கி, நெற்றிக்கும் கண்ணுக்கும் பரவுகிறது. சட்டென்று திரும்பினால் தலை சுற்றுகிறது.

"ஸ்கேனில்தான் ஒன்றும் இல்லையே! இன்னும் என்ன தலைவலி? வேலைக்குப் போகாமல் இருக்க இது ஒரு சாக்கா?" என்று வீட்டில் கேட்கிறார்கள்.

அது சாக்கு அல்ல; உண்மையான வலி. அது கழுத்தில் இருந்து வரலாம்!

மூளை அதிர்வு

தலையில் பலமாக அடிபடும்போது மண்டைக்குள் மூளை குலுங்குகிறது. இதை "மூளை அதிர்வு" என்பார்கள். இது சாதாரண ஸ்கேனில் தெரியாது. பெரியவர்களில் பெரும்பாலோருக்குச் சுமார் 2 வாரங்களில் குணமாகும். சிறுவர்களுக்கு 4 வாரங்கள் வரை ஆகலாம். சிலருக்கு மட்டும் தொல்லை நீடிக்கிறது.

மனிதனின் தலை ஏறக்குறைய 5 கிலோ எடை உள்ளது. அதைத் தாங்குவது கழுத்தில் உள்ள 7 எலும்புகளும் அவற்றைச் சுற்றியுள்ள தசைகளும்தான். மூளையைக் குலுக்கும் அடி, கழுத்தையும் வெட்டி இழுத்து விடுகிறது. மூட்டுகள் இறுகுகின்றன. தசைகள் சோர்கின்றன.

காரணம் என்ன?

கழுத்தின் மேல்பகுதியில் இருந்து வரும் 3 நரம்புகளும், நெற்றி, கண் பகுதியில் இருந்து வரும் நரம்பும் ஓர் இடத்தில் சேருகின்றன. அதனால் கழுத்தில் பிறந்த வலியை, நெற்றியில் பிறந்த வலி என்று மூளை எண்ணிக்கொள்கிறது.

தலைசுற்றலுக்கும் காரணம் உண்டு. தலை எந்தப் பக்கம் திரும்பி இருக்கிறது என்று மூளைக்குச் சேதி சொல்பவை மூன்று: கண், உள்காது, கழுத்து. மூன்றும் ஒரே சேதியைச் சொன்னால் நாம் நேராக நடக்கிறோம். அடிபட்ட கழுத்து தப்பான சேதியைச் சொன்னால் மூளை குழம்புகிறது. தலை சுற்றுகிறது.

படுக்கையில் புரளும்போது மட்டும் அறையே சுழல்வது போல் இருந்தால், உள்காதில் உள்ள நுண்ணிய துகள்கள் இடம் மாறி இருக்கலாம். அதற்குச் சிகிச்சை வேறு. ஆகவே பரிசோதனை அவசியம்.

என்ன சிகிச்சை?

"பிசியோதெரபி" நிபுணர் முதலில் கழுத்தைத் தொட்டுப் பார்த்து, இறுகிய மூட்டுகளைக் கையால் மெதுவாக இளக்குவார். பிறகு பயிற்சி தருவார்.

மல்லாந்து படுத்து, "ஆமாம்" என்று சொல்வது போல் மோவாயைச் சிறிது அசைப்பது ஒரு பயிற்சி. பார்ப்பதற்கு அற்பமாகத் தோன்றும். ஆனால் கழுத்தின் உள்தசைகளுக்கு அது பலம் தரும்.

இன்னொன்று வேடிக்கையானது. தலையில் ஒரு சிறு விளக்கைக் கட்டுவார்கள். அதன் ஒளி, சுவரில் உள்ள புள்ளியில் விழும். கண்ணை மூடித் தலையைத் திருப்பி, பழைய இடத்துக்கே கொண்டுவர வேண்டும். கண்ணைத் திறந்தால், ஒளி எவ்வளவு தள்ளி விழுகிறது என்று தெரியும். பழகப் பழக, கழுத்து சரியான சேதியைச் சொல்லத் தொடங்கும்.

பலன் உண்டா?

கனடாவில் கால்கரி நகரில் ஓர் ஆராய்ச்சி நடந்தது. முடிவு 2014-ல் வெளியாயிற்று. விளையாட்டில் அடிபட்டு, தொல்லை தீராத 12 முதல் 30 வயது உள்ளவர்களை இரு பிரிவாகப் பிரித்தார்கள். கழுத்துக்கும் சமநிலைக்கும் சிகிச்சை பெற்ற 15 பேரில் 11 பேர், 8 வாரங்களுக்குள் விளையாடத் தகுதி பெற்றார்கள். மற்றப் பிரிவில் 14 பேரில் ஒருவரே தகுதி பெற்றார். சிறிய ஆராய்ச்சிதான், ஆனாலும் நம்பிக்கை தருவது.

இருட்டறையில் வாரக்கணக்கில் படுத்திருக்கத் தேவை இல்லை. முதல் 2 நாள் ஓய்வு போதும். செல்போன் பார்ப்பதைக் குறைக்க வேண்டும். பிறகு மெதுவாக நடக்கலாம். 10 நாட்களுக்கு மேலும் தலைவலி, கழுத்து வலி, தலைசுற்றல் இருந்தால் பிசியோதெரபி நல்லது. 2022-ல் ஆம்ஸ்டர்டாம் நகரில் கூடிய உலக நிபுணர்களின் யோசனை இது.

உடனே ஓடுங்கள்!

அடிபட்டவர் திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தாலும், தலைவலி ஏறிக்கொண்டே போனாலும், வலிப்பு வந்தாலும், பேச்சுக் குழறினாலும், எழுப்ப எழுப்பத் தூங்கினாலும், கை கால் மரத்தாலும் தாமதம் கூடாது. 108-க்குப் போன் செய்யுங்கள். கழுத்து கடுமையாக வலித்தால் அவரை அசைக்காதீர்கள்.

"சுளுக்கு" என்று எண்ணி, சலூனில் கழுத்தை நெட்டி முறிக்கச் சொல்லாதீர்கள். கழுத்தின் ரத்தக் குழாய் கிழிந்தால் பக்கவாதம் வரலாம்.

அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளிலும் பிசியோதெரபி பிரிவு உண்டு. எப்போது வலிக்கிறது, எந்தப் பக்கம் திரும்பினால் சுற்றுகிறது என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டு போங்கள். டாக்டருக்குப் பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும்!