நடந்ததை நடந்தபடியே மீண்டும் ஓட்டும் கருவி

நிரல் எழுதுபவர்களை அதிகம் வாட்டுவது எப்போதாவது மட்டும் தலைகாட்டும் பிழை. ஆயிரம் முறை ஓட்டினால் ஒரு முறை நிரல் செத்து விழும். மறுபடி ஓட்டிப் பார்த்தால் ஒன்றுமே நடக்காததுபோல் ஓடி முடியும். விழுந்த கணத்தில் நினைவகத்தில் இருந்ததை அப்படியே கோப்பில் கொட்டிவைக்கும் 'கோர் டம்ப்' பழைய வழக்கம். கெட்டுப்போன மாறியின் கடைசி மதிப்பு அதில் இருக்கும். அது தப்பான மதிப்பு என்பதும் தெரியும். எந்த வரி, எப்போது அதைக் கெடுத்தது என்பதுதான் தெரியாது.

ஓடும்போதே எல்லா மதிப்புகளையும் எழுதிவைத்தால் என்ன? இன்றைய பிராசசரின் ஒரு கோர் வினாடிக்கு 100 கோடிக்கும் மேற்பட்ட கட்டளைகளை முடிக்கக்கூடியது. ஒவ்வொன்றின் விளைவையும் சேமிக்கப் போனால் ஹார்ட் டிஸ்க் தாங்காது, நிரலும் ஊர்ந்துதான் போகும்.

ஃபயர்ஃபாக்ஸ் உலாவியில் இப்படிப்பட்ட பிழைகளைப் பிடிக்க மொசில்லாவில் உருவாகி 2014-இல் வெளியான 'ஆர்ஆர்' என்ற கருவி, கணக்கின் விளைவுகளைச் சேமிப்பதே இல்லை. அதே எண்களோடு தொடங்கினால் பிராசசருக்கு எத்தனை முறையும் அதே விடைதானே வரும்? மாறக்கூடியவை வெளியிலிருந்து வருபவைதான்: கோப்பில் படித்த பைட்டுகள், இணையத்தில் வந்த தரவு, கடிகாரம் சொன்ன நேரம். அவற்றைப் பதிந்துகொண்டால் போதும். மீண்டும் ஓட்டும்போது நிரல் மணி கேட்டால் அன்றைய மணியே பதிலாக வரும். கோப்பு அழிந்துபோயிருந்தாலும் அன்று படித்த பைட்டுகளே கைக்கு வரும். மற்ற மதிப்புகளெல்லாம் நினைவகத்தில் அதே முகவரிகளில் தாமாகவே திரும்ப முளைக்கும்.

ஒரே நிரலுக்குள் ஒருசேர ஓடும் திரெட்டுகள்தான் கடினமான பகுதி, அவை மாறி மாறி ஓடும் வரிசையும் முறைக்கு முறை மாறும். ஆர்ஆர் எல்லாத் திரெட்டுகளையும் ஒரே கோரில் மாற்றி மாற்றி ஓட்டுகிறது. ஆனால் ஒன்றை நிறுத்தி இன்னொன்றை விட்ட கணத்தை எப்படிக் குறித்துவைப்பது? கடிகாரம் உதவாது, ஓட்டத்தின் வேகம் ஒவ்வொரு முறையும் மாறும். நிரல் கடந்துவந்த நிபந்தனைக் கிளைகள் எத்தனை என்று எண்ணும் வசதி பிராசசருக்குள்ளேயே உண்டு. அந்த எண்ணிக்கையோடு ரெஜிஸ்டர்களில் இருந்த மதிப்புகளையும் ஒப்பிட்டால், கோடிக்கணக்கான கட்டளைகளுக்கு நடுவே அந்த ஒரே புள்ளியில் நிறுத்திவிடலாம். செயல்வேகத்தை ஆராய்வதற்காக வைத்த எண்ணி, காலத்தைக் குறிக்கும் கோலாகிவிட்டது. இந்தக் கருவியில் என்னை மிகவும் வியக்கவைப்பது இதுதான்.

பிழை ஒரு முறை பதிவில் சிக்கினால் போதும். கெட்டுப்போன மாறிக்குக் காவல் வைத்து 'ரிவர்ஸ் கன்டினியூ' என்று கட்டளையிட்டால், அதில் கடைசியாக எழுதிய வரியில் போய் நிற்கும். பிராசசருக்குப் பின்னோக்கி ஓடத் தெரியாது. ஆர்ஆர் முன்பே எடுத்துவைத்த ஒரு நிலைக்குத் தாவி, அங்கிருந்து முன்னோக்கி ஓட்டி, கடைசி எழுத்து விழுந்த இடத்தைக் கண்டுகொள்கிறது.

ஒரே கோரில் ஓடுவதால், பல கோர்களை நம்பிய நிரல்கள் மந்தமாகும். சில பிழைகள் வெளியே வரவும் மறுக்கும். அதற்கென்றே 'கேயாஸ் மோட்' இருக்கிறது. திரெட்டுகளின் முன்னுரிமையை அது வேண்டுமென்றே தாறுமாறாக்கும். அப்படியே திரும்பத் திரும்ப ஓடவிட்டுக் காத்திருந்தால், ஒளிந்திருந்த பிழையும் ஏதோ ஒரு சுற்றில் பதிவோடு சேர்ந்து பிடிபடலாம்.