எத்தனை மணிக்கு வீட்டுக்கு வருவார்?

ஐ.நா.வின் மனித மேம்பாட்டுக் குறியீட்டில் தென் கொரியா முதல் 25 நாடுகளுக்குள் இருக்கிறது. அப்படியானால் அங்கே வேலைக்குப் போகிறவர்கள் சௌகரியமாக இருப்பார்கள் என்றுதானே நினைப்போம்? டீயை ஆற்றிக்கொண்டே இதைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம்.

பாகிஸ்தான் பொருளியலாளர் மஹ்பூப் உல் ஹக், அமர்த்தியா சென் போன்றோரின் துணையோடு 1990இல் கொண்டுவந்த கணக்கு இது. ஒரு நாட்டை வருமானத்தை மட்டும் வைத்து எடை போடக் கூடாது என்று ஆயுளையும் படிப்பையும் சேர்த்தார்கள். வரன் பார்க்கும்போது நாமும் ஏறக்குறைய இதைத்தான் விசாரிக்கிறோம்: ஆயுள் கெட்டியா, என்ன படிப்பு, என்ன சம்பளம். மாப்பிள்ளை ராத்திரி எத்தனை மணிக்கு வீடு வந்து சேர்வார் என்று கேட்பதில்லை. குறியீடும் கேட்பதில்லை.

நாம் எல்லாரும் இடறுவது இங்கேதான். வருமானம் நன்றாக இருந்தால் வேலையும் நன்றாக இருக்கும் என்று நாமே சேர்த்துக்கொள்கிறோம். கணக்கில் வருவதோ தலைக்கு எவ்வளவு வருமானம் என்பது மட்டும். அது எத்தனை மணி நேர உழைப்பில் வந்தது என்ற பேச்சே இல்லை. சராசரியாக ஒரு கொரியர் ஜெர்மானியரைவிட ஆண்டுக்குச் சுமார் 500 மணி நேரம் கூடுதலாக உழைக்கிறார். (ஜெர்மனியில் பகுதிநேர வேலை அதிகம், அதற்கும் கொஞ்சம் கழித்துக்கொள்ளுங்கள்.) அந்தக் கூடுதல் உழைப்பு வருமானமாக மாறி மதிப்பெண்ணைக் கூட்டத்தான் செய்கிறது.

ஆயுளில் தெரிந்துவிடாதா? அளவுமீறிய வேலையால் வரும் சாவுக்குக் கொரியாவில் ‘குவாரோசா’ என்று தனிப் பெயரே உண்டு. ஆனால் 80 வயதைத் தாண்டிவிட்ட தேசிய சராசரியில் அது கரைந்துபோகிறது.

சட்டம் எப்படி இருந்தது என்று பாருங்கள். வாரத்துக்கு 40 மணி நேரம், ஓவர்டைம் 12, ஆக 52. ஆனால் வாரம் என்றால் வேலை நாட்கள் ஐந்துதான் என்று அரசே வியாக்கியானம் சொல்லி, சனி ஞாயிறுக்குத் தனியாக எட்டெட்டு மணி நேரம் அனுமதித்தது. மொத்தம் 68! வாரத்துக்கு ஏழு நாள் என்று சட்டத்தில் எழுத 2018 வரை ஆயிற்று. 2023இல் அதை 69 வரை தளர்த்தப் பார்த்த அரசு, இளைஞர்கள் கொதித்ததும் பின்வாங்கியது.

2015இல் ஐ.நா. தன் மனித மேம்பாட்டு அறிக்கையை வேலையைப் பற்றியே எழுதியது. குறியீட்டின் சூத்திரத்தில் மட்டும் வேலை நேரம் சேரவில்லை. அது தெரிய வேண்டுமானால் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் புள்ளிவிவரங்களைத்தான் புரட்ட வேண்டும். வாரத்துக்கு 48 மணி நேரத்தைத் தாண்டி உழைப்பவர்கள் நூற்றுக்கு எத்தனை பேர் என்பது அங்கே நாடுவாரியாக இருக்கிறது.