பந்து தைக்கும் கைகள்

உங்கள் வீட்டில் ஊசியும் நூலும் இருக்கும். கழன்ற பொத்தானைத் தைக்கவும் பிள்ளையின் பாடசாலைச் சீருடையின் ஓரத்தை மடித்துத் தைக்கவும் உங்களுக்கு எவரும் சொல்லித் தர வேண்டியதில்லை. இப்போது இந்த வேலையைச் சற்று எண்ணிப் பாருங்கள். தோடம்பழம் அளவில் ஓர் உருண்டை. அதன் மேல் போர்த்த, எட்டு என்ற இலக்கத்தின் வடிவில் வெட்டிய இரண்டு வெள்ளைத் தோல் துண்டுகள். இரண்டையும் சுருக்கம் விழாமல் இழுத்து, விளிம்போடு விளிம்பு பொருத்தி, ஒரே நேரத்தில் இரண்டு ஊசிகளைக் கொண்டு, மெழுகிட்ட சிவப்பு நூலால் 108 இரட்டைத் தையல்கள் போட வேண்டும். ஒவ்வொரு தையலுக்கும் இரு கைகளையும் பறவை சிறகு விரிப்பது போல விரித்து நூலை இழுக்க வேண்டும். முடிச்சு வெளியே தெரியக் கூடாது. பழகிய கைக்கும் ஒரு பந்துக்குப் பத்துப் பதினைந்து நிமிடமாகும். அடுத்த பந்து, அதற்கடுத்த பந்து என்று பொழுது சாயும் வரை இதே வேலைதான்.

அமெரிக்கர்கள் உயிராய் மதிக்கும் பேஸ்போல் ஆட்டத்தின் பந்து இது. நம் பாடசாலை மைதானங்களில் பிள்ளைகள் ஆடும் எல்லேக்கு இது ஒருவகையில் உறவுமுறையான ஆட்டம் என்றால் உங்களுக்கு எளிதில் விளங்கும். சந்திரனுக்கு ஆளனுப்பிய அந்த நாட்டில் இந்தப் பந்தைத் தைக்க யந்திரம் கண்டுபிடிக்கப் பலர் முயன்றார்கள். முதல் தையலும் கடைசித் தையலும் யந்திரத்துக்குப் பிடிபடவில்லை. இன்றும் அமெரிக்காவின் பெரிய போட்டிகளில் வீசப்படும் ஒவ்வொரு பந்தும் யாரோ ஒருவர் உட்கார்ந்து கையால் தைத்ததுதான். யந்திரத்தால் முடியாத வேலைக்குத்தான் கூலி குறைந்த கைகளைத் தேடி நாடு நாடாகப் போக வேண்டியிருக்கிறது. இந்தக் கதை அங்கேதான் தொடங்குகிறது.

ரோலிங்ஸ் என்பது 1887இல் அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில், சென். லூயிஸ் நகரில் இரண்டு சகோதரர்கள் தொடங்கிய விளையாட்டுப் பொருட் கம்பனி. உள்ளூரில் பிறந்து, உள்ளூர்க் கைகளாலேயே வளர்ந்தது. மிசூரியின் லிக்கிங் என்ற சிற்றூரில் அதற்குப் பந்து தைக்கும் ஆலை இருந்தது. 1960களில் அந்த வேலை கடல் தாண்டிப் போர்ட்டோ ரிக்கோவுக்குப் போயிற்று. அந்தப் பத்தாண்டு முடியுமுன் அங்கிருந்தும் கிளம்பி, கரிபியன் கடலின் மிக வறிய நாடான ஹெய்ட்டிக்குச் சென்றது. 1977இல் அமெரிக்காவின் பிரதான பேஸ்போல் போட்டிகள் அனைத்துக்கும் பந்து வழங்கும் உரிமை ரோலிங்ஸுக்குக் கிடைத்தபோது, "அமெரிக்காவின் தேசிய விளையாட்டு" என்று போற்றப்படும் ஆட்டத்தின் பந்து அமெரிக்காவில் தைக்கப்படவே இல்லை. போட்டிக் கம்பனியான ஸ்போல்டிங்கும் ஏற்கெனவே ஹெய்ட்டிக்குப் போயிருந்தது.

ஹெய்ட்டியில் இந்த வேலைக்கு உட்கார்ந்தவர்களில் மிகப் பெரும்பாலானோர் பெண்கள். இங்கே ஒரு விந்தையைக் கவனியுங்கள். ஹெய்ட்டி மக்கள் பேஸ்போல் ஆடுவதில்லை. அவர்களுக்கு எல்லாமே உதைபந்துதான். 1974இல் உலகக் கிண்ணப் போட்டி வரை போனவர்கள். ஆகவே தலைநகரான போர்ட்டோ பிரின்ஸில் நாள் முழுவதும் பந்து தைத்த ஒரு தாய், தன் மகன் அந்தப் பந்தால் ஆடுவதை ஒருநாளும் பார்த்திருக்க மாட்டாள். சந்தையிலும் அதை வாங்க ஆளில்லை.

1986இல், தந்தையும் மகனுமாக ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் நடத்திய டுவாலியர் ஆட்சி கவிழ்ந்தது. அதன்பின் ஆட்சிக் கவிழ்ப்புகளும் வேலைநிறுத்தங்களும் தெருக் கலவரங்களும் தொடர்ந்தன. ரோலிங்ஸ் மெல்ல மெல்ல வேலையைக் கொஸ்டாரிக்காவுக்கு மாற்றி, 1990இல் ஹெய்ட்டியை விட்டு வெளியேறியது. கொஸ்டாரிக்காவில் கூலி ஹெய்ட்டியை விட அதிகம். ஆனாலும் அது 1949ஆம் ஆண்டின் அரசியலமைப்பிலேயே இராணுவத்தை ஒழித்துவிட்ட அமைதியான நாடு. குறைந்த கூலி மட்டும் போதாது, கப்பல் குறித்த நாளில் புறப்படவும் வேண்டும் என்பதே முதலாளிகளின் கணக்கு. யுத்த காலத்தில் நம் நாட்டுக்கு வர வேண்டிய முதலீடுகள் வேறு திசைகளில் போனதைப் பார்த்த நமக்கு இதைப் புரிந்துகொள்வது கடினமல்ல.

கம்பனி போனது. தைத்த பெண்கள் என்ன ஆனார்கள்? அவர்களிடம் மீந்தது 108 தையல் போடும் திறமை ஒன்றுதான். நம் ஊரில் ஒரு பெண் தையல் பழகினால் அயல்வீட்டுப் பிள்ளைக்குப் பெருநாள் உடுப்புத் தைத்துக் கொடுத்தாவது நாலு காசு பார்ப்பாள். பேஸ்போல் தைக்கப் பழகிய ஹெய்ட்டிப் பெண் அந்தத் திறமையை யாரிடம் கொண்டு போவாள்? தோல் அமெரிக்காவிலிருந்து வந்தது, நூல் வெளியிலிருந்து வந்தது, பந்து வெளியே போனது. அவளுக்குச் சொந்தமாக இருந்தது கை மட்டுமே. 1991இல் அங்கே இன்னோர் இராணுவப் புரட்சியும் அதையடுத்துப் பொருளாதாரத் தடையும் வந்தபோது மற்றக் கம்பனிகளும் கிளம்பின.

இன்று பந்து தைக்கப்படும் ஊரின் பெயர் டுரியால்பா. கரும்பும் கோப்பியும் விளையும் மலைப் பள்ளத்தாக்கு. 1987இல் தலைநகரையும் துறைமுகத்தையும் இணைக்கும் புதிய நெடுஞ்சாலை வேறு வழியாகத் திறக்கப்பட்டதால் டுரியால்பா ஊடான போக்குவரத்து குறைந்தது. 1989இல் உலகச் சந்தையில் கோப்பி விலை விழுந்தது. வேலைக்கு ஏங்கியிருந்த அந்த ஊரில் வரிச்சலுகை பெற்ற வலயமொன்றில் ஆலை எழுந்தது. அமெரிக்க மாட்டுத் தோல் டென்னசி மாநிலத்தில் பதனிடப்பட்டு இங்கே வந்து, பந்தாகித் திரும்பிப் போகிறது. ஆணும் பெண்ணுமாக நூற்றுக்கணக்கானோர் தைக்கிறார்கள். கொஸ்டாரிக்காவிலும் உதைபந்துதான் ஆட்டம் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

2004 ஜனவரியில் நியூயோர்க் டைம்ஸ் பத்திரிகை இந்த ஆலையைப் பற்றி எழுதியது. ஒரு பந்து தைப்பவருக்குக் கிடைத்தது ஏறத்தாழ 30 அமெரிக்கச் சதம். அதே பந்து அமெரிக்கக் கடையில் ஏறத்தாழ 15 டொலர். அதை வீசி ஆடிய வீரர் ஒருவரின் சராசரி ஆண்டு ஊதியம் இருபது இலட்சம் டொலருக்கும் மேல். மணிக்கட்டும் தோளும் வலிப்பதாகத் தொழிலாளர் முறையிட்டதும் அந்தச் செய்தியில் இருந்தது. உழைப்பவரின் கூலி விடயத்தில் நபி (ஸல்) அவர்கள் எவ்வளவு கண்டிப்பாக இருந்தார்கள் என்பதை அறிந்த நமக்கு, இந்த மூன்று எண்களையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது மனம் உறுத்தத்தான் செய்கிறது. ஆயினும் இன்னொரு பக்கமும் உண்டு. அந்த ஆலை நாளை மூடப்பட்டால் டுரியால்பாவில்தான் முதலில் அழுகை கேட்கும்.

அந்தக் கைகளின் மதிப்பு 2019இல் எதிர்பாராத விதமாக வெளிப்பட்டது. அவ்வாண்டு அமெரிக்கப் போட்டிகளில் 6,776 "ஹோம் ரன்"கள் அடிக்கப்பட்டன. கிரிக்கட்டில் ஆறு ஓட்டம் பெறும் அடியைப் போன்றது அது. இதற்கு முன் இல்லாத எண்ணிக்கை. பந்தில் ஏதோ சூழ்ச்சி என்று வீரர்கள் குமுறவே, விஞ்ஞானிகளைக் கொண்டு ஆராய்ந்தார்கள். பந்தின் தையல் வரம்பு முன்னைவிடச் சற்றே தாழ்ந்திருந்ததும், அதனால் காற்றின் தடை குறைந்து பந்து தூரமாய்ப் பறந்ததும் காரணங்களில் ஒன்று என அறிக்கை வந்தது. கண்ணுக்கே தெரியாத ஒரு நூலிழை வித்தியாசம்! கோடிக்கணக்கான டொலர் புரளும் ஆட்டத்தின் போக்கையே மாற்றிவிட்டது.

2025 ஏப்ரலில் அமெரிக்கா பெரும்பாலான நாடுகளின் பொருட்களுக்கு 10 வீத அடிப்படை வரி விதித்தது. கொஸ்டாரிக்காவும் தப்பவில்லை. வெளியே போன தொழிற்சாலைகளைத் திருப்பி அழைக்கவே இந்த வரி என்றார்கள். ஆனால் லிக்கிங்கில் பந்து தைத்த தலைமுறை முதுமையடைந்துவிட்டது. இனி அங்கே யார் உட்கார்ந்து 108 தையல் போடப் போகிறார்கள்?

அதே ஏப்ரலில் நமக்கு அறிவிக்கப்பட்ட வரி 44 வீதம். பின்னர் குறைத்தார்கள் என்றாலும், நம் ஆடைத் தொழிற்சாலைகளில் பிள்ளைகளை வேலைக்கு அனுப்பியிருக்கும் வீடுகள் அன்றிரவு தூங்கியிருக்காது. 1978இல் கட்டுநாயக்காவில் முதல் சுதந்திர வர்த்தக வலயம் தொடங்கியபோது, வேறு நாட்டுப் பெண்களின் கையிலிருந்த வேலைதான் நம் பெண்களின் கைக்கு வந்தது. வந்த வழியே போகவும் செய்யும். 2025 மே மாதம் அதே கட்டுநாயக்காவில் நெக்ஸ்ட் நிறுவனத்தின் ஆடைத் தொழிற்சாலை மூடப்பட்டு, 1,400 பேருக்கு மேல் வேலையிழந்தார்கள்.

உங்கள் மகளோ தங்கையோ அப்படியொரு தொழிற்சாலையில் இருந்தால் அவளிடம் கேட்டுப் பாருங்கள். வருடக்கணக்காகச் சட்டைக் கொலரை மட்டுமே தைத்திருப்பாள், அல்லது பையை மட்டும். முழுச் சட்டையை வெட்டித் தைக்கத் தெரியாதிருக்கலாம். ஹெய்ட்டிப் பெண்ணின் நிலைக்கும் இதற்கும் தூரம் அதிகமில்லை. லீவு நாட்களில் ஊரில் நல்ல தையற்காரி ஒருவரிடம் வெட்டப் பழகுவது பிற்காலத்தில் கைகொடுக்கும்.

வேறு சிலவற்றையும் வீட்டில் பேசி வையுங்கள். ஊழியர் சேமலாப நிதிக்கு அவளது சம்பளத்தில் 8 வீதமும் முதலாளியின் பங்காக 12 வீதமும் சேர வேண்டும். ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு முதலாளி தனியாக 3 வீதம் கட்ட வேண்டும். அவளுடைய அங்கத்துவ இலக்கம் வீட்டிலும் எழுதியிருக்கட்டும். பதினைந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் ஐந்து வருடம் பூர்த்தியானால், 1983ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டப்படி வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் அவளுக்கு உரியது. அத்தகைய இடத்தில் ஒழுங்கு நடவடிக்கை அல்லாத காரணத்துக்காக ஆட்களை நிறுத்துவதானால், தொழிலாளியின் எழுத்துமூல சம்மதமோ தொழில் ஆணையாளரின் அனுமதியோ வேண்டும். "இதில் கையெழுத்துப் போட்டால் காசு உடனே கிடைக்கும்" என்று ஒரு தாளை நீட்டினால், அதை வீட்டுக்குக் கொண்டுவந்து விளங்கியவரிடம் காட்டிய பின் முடிவு செய்யச் சொல்லுங்கள். விளங்கியவர் அருகில் இல்லையென்றால் மாவட்டத் தொழில் அலுவலகத்தில் கேட்கலாம்.