கைவிடப்பட்ட கிணற்றில் கூழ்முட்டை மணம்

நெடுநாள் ஆளில்லாதிருந்த வளவுக்குத் திரும்பும் குடும்பங்கள் முதலில் எட்டிப் பார்ப்பது கிணற்றைத்தான். நீரில் கூழ்முட்டை மணம் வீசினால், யாரேனும் நஞ்சு கலந்துவிட்டார்களோ என்ற அச்சம் எழுகின்றது. பெரும்பாலும் காரணம் அதுவன்று.

இறைக்கப்படாத கிணற்றில் சருகும் மட்டையும் விழுந்து அடியில் சேறாகின்றன. அவை அழுகும்போது நீரிலுள்ள ஒட்சிசன் தீர்ந்துவிடும். அந்நிலையில் வாழும் ஒருவகைப் பற்றீரியாக்கள் நீரில் இயல்பாகவுள்ள சல்பேற்றை ஐதரசன் சல்பைட்டு வாயுவாக மாற்றுகின்றன. மணம் அதனுடையதே. எண்ணெய் மணமோ பூச்சிமருந்து மணமோ வீசினால் அது வேறு விடயம். அந்நீரைப் பாவிக்காது பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு அறிவியுங்கள்.

இறங்குவதைப் பற்றி நாம் சற்று அழுத்திச் சொல்லவேண்டும். போர் நடந்த இடங்களில் கைவிடப்பட்ட கிணறுகளில் வெடிபொருட்கள் கிடப்பதுண்டு. கண்ணிவெடி அகற்றுவோர் பார்வையிடாத கிணற்றை அண்டவேண்டாம். அடுத்தது வாயு. ஐதரசன் சல்பைட்டு காற்றிலும் பாரமானது. கிணற்றினுள் தேங்கி நிற்கும். செறிவு கூடினால் மூக்கின் மண உணர்வையே மழுக்கிவிடும். 'இப்போது மணமில்லை' என்று இறங்குபவர் மயங்கி விழலாம். விளக்கை இறக்கிப் பார்ப்பது ஒட்சிசன் குறைவை மட்டுமே காட்டும், இவ்வாயுவைக் காட்டாது. இது தீப்பற்றும் வாயுவுங்கூட. இறைக்கும் இயந்திரத்தைக் கிணற்றினுள் வைத்து இயக்கவே கூடாது. அதன் புகையிலுள்ள காபனோரொட்சைட்டுக்கு மணமே இல்லை. விழுந்தவரைத் தூக்க இறங்கியவரும் மாண்ட சம்பவங்கள் பல.

ஆகவே மேலிருந்தே இறையுங்கள். மெதுவாக இறையுங்கள், சடுதியாக வற்றவைத்தால் சுவர் இடியலாம், கரையோரத்தில் உவர்நீர் ஏறிவிடும். சேறு வாருவதைப் பழகியவர்களிடம் விடுங்கள். சேறு கிடக்கக் குளோரீன் இடுவது வீண்செலவு; அழுக்கே அதைத் தின்றுவிடும்.

சேறு நீங்கி நீர் ஊறியபின், 70 வீத வலுவுள்ள குளோரீன் தூளாயின் 1,000 லீற்றருக்கு 150 கிராம் வேண்டும். 2 மீற்றர் விட்டமுள்ள கிணற்றில் ஒவ்வொரு மீற்றர் ஆழத்துக்கும் ஏறக்குறைய 3,100 லீற்றர் நீர் இருக்கும். அதற்கு 465 கிராம். பிளாஸ்டிக் வாளி நீரில் கரைத்து ஊற்றி, ஓர் இரவு விடுங்கள். மறுநாள் குளோரீன் மணம் போகும்வரை இறையுங்கள். அந்நீரைப் பயிருக்கோ குளத்துக்கோ விடவேண்டாம். நீர் பரிசோதிக்கப்படும்வரை கொதிக்கவைத்தே குடியுங்கள்.

சில நாட்களில் மணம் திரும்பினால் அடியில் இன்னும் சேறு உண்டு, அல்லது ஊற்று நீரிலேயே அவ்வாயு உண்டு. ஊற்றில் உள்ளதாயின், அள்ளிய நீரைப் பாத்திரத்துக்குப் பாத்திரம் உயர இருந்து ஊற்றிச் சிறிது நேரம் திறந்துவைக்க மணம் குறையும். கிணற்று வாய்க்கு வலை கட்டினால் சருகு விழாது.