ஒரே காக்பிட், இரண்டு லைசென்ஸ்

லண்டன் கேட்விக் விமான நிலையத்தில் ஈஸிஜெட் நிறுவனத்தின் ஏர்பஸ் ஏ320 விமானங்கள் இரண்டு அக்கம்பக்கமாக நிற்பதைப் பார்க்கலாம். அதே ஆரஞ்சு வண்ணம், அதே காக்பிட், அதே பொத்தான்கள். வால் பக்கம் எழுதியிருக்கும் பதிவெண்தான் வேறு. ஒன்று ‘ஜி’ என்று தொடங்கும். அது பிரிட்டனில் பதிவானது. இன்னொன்று ‘ஓஇ’, அது ஆஸ்திரியாவில் பதிவானது. பிரிட்டிஷ் லைசென்ஸ் மட்டும் வைத்திருக்கும் கேப்டன் முதல் விமானத்தை பாரிஸுக்கே ஓட்டிப் போகலாம். இரண்டாவதில் விமானியாக உட்கார அவருக்கு உரிமை இல்லை.

பிரெக்ஸிட்டுக்குப் பிறகு பிரிட்டிஷ் விமானிகள் ஐரோப்பிய வானில் பறக்க முடியாது என்று பலர் நினைக்கிறார்கள். விஷயம் அதுவல்ல. எந்த வானம் என்பதைவிட எந்த நாட்டு விமானம் என்பதுதான் இங்கே கேள்வி. பன்னாட்டு வழித்தடத்தில் பறக்கும் விமானத்தின் விமானிக்கு, அந்த விமானம் பதிவான நாடு லைசென்ஸ் தந்திருக்க வேண்டும் அல்லது வேறு நாட்டு லைசென்ஸை ஏற்றிருக்க வேண்டும் என்கிறது 1944-ஆம் ஆண்டின் சிகாகோ உடன்படிக்கை. ‘விடி’ என்று தொடங்கும் நம் இந்திய விமானங்களுக்கும் இதே விதிதான்.

ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் இந்தச் சிக்கல் தெரியாமலே இருந்தது. ஜெர்மனியின் கொலோன் நகரில் இயங்கும் ‘ஈசா’ என்ற விமானப் பாதுகாப்பு முகமையின் பொது விதிப்படி ஓர் உறுப்பு நாடு தரும் லைசென்ஸ் எல்லா உறுப்பு நாடுகளிலும் செல்லும். லண்டனில் வாங்கிய லைசென்ஸோடு லிஸ்பனில் வேலைக்குச் சேரலாம். ஒன்றியத்தை விட்டு வெளியேறினாலும் ஈசாவில் ஏதாவது ஒரு வடிவில் ஒட்டிக்கொள்ளலாம் என்று பிரிட்டிஷ் விமானத் துறையில் பலர் நம்பினார்கள். அதுவும் வேண்டாம் என்று 2020 மார்ச்சில் அறிவித்தார் அப்போதைய போக்குவரத்து அமைச்சர் கிராண்ட் ஷாப்ஸ். அவரே விமானம் ஓட்டத் தெரிந்தவர் என்பது வேடிக்கை.

2020 டிசம்பர் 31, பிரிட்டன் நேரப்படி இரவு 11 மணிக்கு உறவு அறுந்தது. ஈசா விதிகளைத்தான் பிரிட்டன் தன் சட்டமாக எடுத்துக்கொண்டது. அதனால் அந்த மணியில் தேர்வும் மாறவில்லை, தகுதியும் மாறவில்லை. ஆனாலும் ஐரோப்பிய விமானங்களுக்கு பிரிட்டிஷ் லைசென்ஸ் செல்லாமல் போனது. பிரிட்டனோ, ஐரோப்பிய லைசென்ஸை 2022 கடைசி வரை தன் விமானங்களில் ஏற்றுக்கொண்டது. தன் மேற்பார்வையில் இல்லாத நாட்டின் தாளை ஏன் நம்ப வேண்டும் என்ற ஐரோப்பாவின் வாதம் சட்டப்படி சரிதான். முந்தின நாள் வரை நம்பிய அதே தாள் அது என்பதுதான் உறுத்துகிறது.

விவரம் தெரிந்தவர்கள் முன்கூட்டியே நகர்ந்தார்கள். ஈஸிஜெட் 2017-லேயே வியன்னாவில் தனி நிறுவனம் தொடங்கியது. விமானிகள் பலர் கெடு முடியும் முன்பே தங்கள் லைசென்ஸையும் மருத்துவக் கோப்பையும் அயர்லாந்து, ஆஸ்திரியா போன்ற நாடுகளுக்கு மாற்றிக்கொண்டார்கள். அயர்லாந்து லைசென்ஸ் இருந்தால் ஐரோப்பிய விமானமும் ஓட்டலாம், 2022 கடைசி வரை பிரிட்டிஷ் விமானமும் ஓட்ட முடிந்தது. ஆனால் 2020 கொரோனா ஆண்டு. வேலை போய் வீட்டில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு இன்னொரு கட்டணம், இன்னொரு விண்ணப்பம் என்பது சுமையாகத்தான் இருந்திருக்கும்.

தவறவிட்டவர்களுக்கு வழி நீளமானது. ஆயிரக்கணக்கான மணி நேரம் பறந்த கேப்டனாக இருந்தாலும், ஐரோப்பிய லைசென்ஸ் வேண்டுமென்றால் வானிலை, வான்வழிச் சட்டம், எடைச் சமநிலை என்று 13 பாடங்களில் எழுத்துத் தேர்வை மறுபடி எழுத வேண்டும். அத்தனை பருவங்களிலும் மேகத்துக்குள் புகுந்து வெளியே வந்தவர், மேக வகைகளைப் பற்றிய கேள்விக்கு விடையைக் குறிக்க வேண்டும்! கூடவே மருத்துவப் பரிசோதனை, திறன் சோதனை.

புதிதாகப் பயிற்சிக்கு வரும் மாணவர்களில் பலர் தொடக்கத்திலேயே இரண்டு லைசென்ஸுக்கும் தயாராகிறார்கள். பாடம் ஏறக்குறைய ஒன்றுதான். தேர்வும் கட்டணமும் இரண்டு. இரு தரப்பு அங்கீகாரமும் உள்ள பயிற்சிப் பள்ளியாகத் தேட வேண்டும். இந்த இரட்டைச் சுமை குறைய வழி இல்லாமல் இல்லை. பிரிட்டனுக்கும் ஐரோப்பிய ஒன்றியத்துக்கும் இடையே 2020 டிசம்பரில் முடிவான வர்த்தக ஒப்பந்தத்தில், விமானி லைசென்ஸ் பற்றிப் பின்னால் தனி இணைப்பு சேர்த்துக்கொள்ள இடம் விடப்பட்டிருக்கிறது.