சில்லுக்கருப்பட்டி

தூத்துக்குடி என்றதும் முத்தே முதலில் நினைவிற்கு வரும். மன்னார் வளைகுடாவில் முத்துக்குளித்தல் ஆண்டுதோறும் நடைபெற்ற தொழில் அன்று. சிப்பிகள் முற்றி விளைந்த பருவங்களில் மட்டுமே அது நடந்தது. 1955ஆம் ஆண்டு தொடங்கி 1961ஆம் ஆண்டில் முடிந்த குளிப்பிற்குப் பின்னர்ப் பெரிய அளவில் முத்துக்குளிப்பு நடைபெறவில்லை. ஆயினும், பருவம் அறிந்து பெறவேண்டிய மற்றொரு செல்வம் இக்கரையை விட்டு நீங்கவில்லை. அது பனை தரும் கருப்பட்டி ஆகும்.

தூத்துக்குடிக்குத் தெற்கே திருச்செந்தூர், உடன்குடி, சாத்தான்குளம் முதலிய ஊர்களைச் சூழ்ந்து மணல்வெளி பரந்து கிடக்கிறது. செம்மணல் மேடிட்ட இடங்களைத் தேரி என்பர். நெல்லும் கரும்பும் செழிக்காத அந்நிலத்தில் பனைகள் காடுபோல் நிற்கின்றன. மாசி, பங்குனி மாதங்களில் தொடங்கி ஆடி வரையில் அவை பதநீர் தரும். அக்காலத்திற் செய்யும் புதுக் கருப்பட்டிகளுள் சிறுவர் மிக விரும்புவது சில்லுக்கருப்பட்டி. சிரட்டையில் வார்த்த பெரிய கட்டியைப்போல் அன்றி, வாயில் இட்டுச் சுவைக்கத்தக்க சிறு வில்லைகளாக அது அமைந்திருக்கும். சுக்கும் ஏலமும், சிலவிடங்களில் மிளகும், அதில் சேர்ப்பர். பனை ஓலையால் முடைந்த சிறு கொட்டானில் அதனை இட்டு விற்பதும் உண்டு.

கொட்டானைத் திறந்ததும் ஏலத்தின் மணமும் காய்ந்த ஓலையின் மணமும் கலந்து எழும். வில்லையை நாவில் இட்டால் முதலில் இனிப்புத் தோன்றும். அது கரையக் கரையச் சுக்கின் காரம் மெல்ல எழும். இறுதியில், அடுப்புப் புகையின் சாயலும் சிறிது உவர்ப்பும் கலந்த பனையின் தனிச்சுவை நெடுநேரம் நிற்கும். கடித்து விழுங்கிவிடுவோர் இதனை அறியார். பொறுத்துச் சுவைப்போர்க்கே அது புலனாகும்.

இவ்வகையில் சில்லுக்கருப்பட்டியைச் சாக்லேட்டோடு ஒப்பிடலாம். இரண்டும் பழுப்பு நிறத்தன. இரண்டும் வெப்பத்தால் நிறமும் மணமும் பெறுவன. ஆயினும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. சாக்லேட்டிற்குரிய கொக்கோ விதைகளைப் பறித்தவுடன் சில நாள் புளிக்க வைக்கவேண்டும். புளித்தால்தான் அதற்குரிய சுவை பிறக்கும். கருப்பட்டிக்கோ புளிப்பே பகை. பனையிலிருந்து வடியும் சாறு சில மணி நேரத்திற்குள் புளித்துக் கள்ளாகிவிடும். கள்ளைக் காய்ச்சினால் கருப்பட்டி ஆகாது. அதனால், சாறு வடியும் கலயத்தின் உட்புறத்தில் முன்னதாகவே சுண்ணாம்பு தடவுவர். சுண்ணாம்பு குறைந்தால் சாறு புளிக்கும்; மிகுந்தால் சுவை கெடும். அளவு அறிந்த கையே பதநீரைக் காக்கிறது. கடற்கரையில் சிப்பியைச் சுட்டுச் சுண்ணாம்பு செய்யும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. முத்தை ஈன்ற கடல், சிப்பி ஓட்டின் வழியே பனையின் இனிமைக்கும் துணைநின்றது எனலாம்.

கலயத்தை மரத்தில் கட்டிவிட்டால் வேலை முடிந்துவிடாது. பனையேறி தளைநாரைக் காலில் மாட்டிக்கொண்டு, நாள்தோறும் காலையும் மாலையும் ஒவ்வொரு மரத்திலும் ஏறவேண்டும். பாளையைக் கடிப்பினால் இதமாக நசுக்கிப் பதப்படுத்தி, அதன் நுனியைக் கூரிய அரிவாளால் மெல்லியதாகச் சீவவேண்டும். தடிப்பாகச் சீவினால் பாளை விரைவில் தீர்ந்துவிடும். ஒரு நாள் சீவாது விட்டால் ஊற்று அடைபடும். ஆகவே, பருவம் முடியுமட்டும் அவருக்கு ஓய்வு இல்லை. கால் இடறினால் உயிருக்கே இடையூறு.

இறக்கிய பதநீரை வடிகட்டி, தோப்பிலுள்ள விடிலி என்னும் ஓலைக்குடிலில் பெண்கள் காய்ச்சுவர். காய்ந்த ஓலையும் மட்டையும் விறகாகும். ஒரு கிலோ கருப்பட்டிக்கு ஏறத்தாழ 8 முதல் 10 லிட்டர் பதநீர் வேண்டும். எஞ்சியதெல்லாம் ஆவியாய்ப் போகும். பொங்கும் பதநீர் பாகாகி, நூல்போல் இழுபடும் பதம் வந்ததும் இறக்கிக் கிண்டி வார்ப்பர். சில நொடி தவறினால் கட்டி இளகிப்போகும் அல்லது கருகிக் கசக்கும்.

இத்துணை உழைப்பில் விளையும் பண்டம் வெள்ளைச் சர்க்கரையினும் விலை மிகுந்திருப்பது இயல்பே. அதனால், பாகில் மலிவான சர்க்கரையைக் கலந்து விற்போரும் உளர். அத்தகைய வில்லை நாவில் வெறும் இனிப்பாகவே முடிந்துவிடும். பனையின் சுவை அதில் நில்லாது. அதனை மலிவென்று வாங்குவோர் பெருகினால், கலப்பின்றிக் காய்ச்சுவோர்க்கு உரிய கூலி கிட்டாது. கூலி கிட்டாதபோது அவர்தம் மக்கள் பனையேற முன்வருவதில்லை. இத்தொழிலை மேற்கொள்வோர் இன்று குறைந்துவருவதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

இவ்விழப்பைத் தடுக்கச் சில முயற்சிகள் நடந்துள்ளன. பனை தமிழ்நாட்டின் மாநில மரமாகும். பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் இசைவு வேண்டும் என்று 2021ஆம் ஆண்டில் அரசு அறிவித்தது. உடன்குடிப் பனங்கருப்பட்டி 2023ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. இவை நன்முயற்சிகளே. எனினும், விதைத்த பனங்கொட்டை வடலியாகி வளர்ந்து பாளைவிட ஏறத்தாழ 15 முதல் 20 ஆண்டுகள் ஆகும். பாளையின் பதமறிந்து சீவும் கையும் ஒரு நாளில் உருவாவதன்று. மரத்தைச் சட்டம் காக்கலாம். மரமேறும் மனிதரைக் காப்பதோ வாங்குவோரின் நேர்மை.

பருவத்தின் புதுச் சில்லு கைக்கு வரும்போது, அதனை விரைந்து கடித்துவிடாமல் மெல்லச் சுவைத்தல் நன்று. அதிலுள்ள புகையின் சாயல் விடிலியில் நின்ற பெண்ணின் உழைப்பு. புளிக்காத இனிமை கலயத்தில் சுண்ணாம்பு தடவிய கையின் அறிவு. இவ்விரண்டையும் உணர்ந்து, உரிய விலை கொடுத்து வாங்குவோர் உள்ளவரையில் தேரிக்காட்டில் கலயங்கள் தொங்கும். ஆண்டுதோறும் புதுக் கருப்பட்டியின் மணமும் வரும்.