முற்றத்து வானிலை நிலையத்திற்கும் பெயர் வேண்டும்

குழந்தைக்குப் பெயரிட நாம் நாளும் கோளும் பார்க்கின்றோம். வீட்டு முற்றத்தில் நாட்டப்பெறும் வானிலைக் கருவிகளுக்கும் பெயர் வேண்டுமென்றால் வாசகர்கள் வியப்படையக்கூடும். ஆயினும், எத்துணைச் செம்மையாக அளந்தாலும், எங்கிருந்து வந்ததென்று அறியப்படாத அளவீடு பிறர்க்குப் பயன்படுவதில்லை.

ஐக்கிய அமெரிக்காவிலே குடிமக்கள் வானிலை அவதானிகள் திட்டம் என ஒன்று நடைபெற்று வருகின்றது. தனியார் தம் இல்லத்தில் அளக்கும் வெப்பநிலை, வளியமுக்கம், ஈரப்பதன், காற்று, மழை ஆகியவற்றை இணையத்தின் வழியே அனுப்ப, அவை அந்நாட்டுத் தேசிய சமுத்திர வளிமண்டல நிருவாகத்தைச் சென்றடைகின்றன. இம்முயற்சியில் முன்னின்றோர் அமெச்சூர் வானொலியாளர். அரசாங்கம் வழங்கிய அழைப்புக்குறி அவர்களிடம் முன்னரே இருந்தது. அதுவே அவர்தம் வானிலை நிலையத்தின் பெயருமாயிற்று. இத்தகைய குறிகளின் தொடக்கம் நாட்டைக் காட்டும். இலங்கை வானொலியாளரின் குறிகள் 4எஸ்7 எனத் தொடங்குவதை நம்மிற் சிலர் அறிவர்.

வானொலி அனுமதிப்பத்திரம் இல்லாதவர் என் செய்வது? நிலையம் அமைந்துள்ள அகலாங்கு, நெட்டாங்கு, உயரம் முதலிய விவரங்களைக் கொடுத்து அவர்கள் விண்ணப்பித்தல் வேண்டும். சி.டபிள்யூ. என்னும் இரண்டெழுத்தும் நான்கு இலக்கங்களும் கொண்ட குறிகள் முதலில் வழங்கப்பட்டன. அவ்வரிசை நிறைந்தபின் டி.டபிள்யூ., ஈ.டபிள்யூ. என அது வளர்ந்தது. சர்வதேச ஒழுங்கின்படி சி.டபிள்யூ. என்பது உருகுவே நாட்டுக்குரிய தொடக்கம். எனினும் மயக்கம் நேராது. அமெச்சூர் குறி எழுத்திலே முடியும், இதுவோ இலக்கத்திலே முடியும்.

குறியைப் பெற்றதுடன் கடமை முடிந்துவிடுவதில்லை. டென்வர் நகரம் மேற்கு நெட்டாங்கு 105 பாகையில் உள்ளது. அங்குள்ள ஒருவர் மேற்கைக் கிழக்கென எழுதிவிட்டால், அவருடைய நிலையம் படத்திலே சீனத்து உள்மங்கோலியாவிற்குச் சென்றுவிடும்! உயரத்திற் பிழைத்தாலோ தீங்கு மறைந்து நிற்கும். கடல்மட்டத்தை அண்டிய இடங்களில் ஏறத்தாழ 8 மீற்றர் மேலே சென்றால் வளியமுக்கம் 1 மில்லிபார் குறையும். ஆகவே அளந்த அமுக்கத்தைக் கடல்மட்டத்திற்கேற்பத் திருத்தியே அனுப்புகின்றனர். உயரத்தை 80 மீற்றர் குறைத்துக் கணித்தால், அமுக்கம் சுமார் 10 மில்லிபார் தாழ்ந்து தோன்றும். வானம் தெளிந்திருக்கையிலே தாழமுக்கம் வந்ததெனக் கணக்குக் காட்டும்.

இத்தகைய பிழையைக் கண்டறிய, ஒவ்வொரு நிலையத்தின் அளவீடும் அயல் நிலையங்களின் அளவீடுகளோடு ஒப்பிடப்படுகின்றது. வேறுபாடு மிகுந்தால், எந்த நிலையம் பிழைத்தது என்பதைக் குறி காட்டிக் கொடுக்கும்; உரியவர் கருவியையோ கணக்கையோ திருத்திக் கொள்ளலாம். குறியின்றேல் பிழையைத் திருத்துவார் யார்?

மாணவர்களே, பள்ளியில் மழைமானியைப் பார்த்து எழுதும்போது இடமும் நாளும் நேரமும் தவறாது குறியுங்கள். உங்கள் பெயரையும் எழுதுங்கள். ‘இதற்கு நான் பொறுப்பு’ என்று ஒருவர் முன்வரும்போதே எண் அறிவாகின்றது.